பெஹ்ரங்கின் பிடி

யாசரின் டாக்ஸியில் முன் சீட்டில் உட்காருகிறவர்கள் பத்து நிமிடத்துக்குள் அவன் காதைப் பார்த்துவிடுவார்கள். வலது காது சுருண்டு தடித்து, மாவை உருட்டி அழுத்தி ஒட்டியதுபோல இருக்கும். ஈரானின் மாஸந்தரான் பக்கத்தில் அந்தக் காதுக்கு விளக்கம் தேவையில்லை.

"குஸ்தியா?" என்பார்கள்.

"ஒரு காலத்துல."

"எந்த வெயிட்டு?"

"எழுபத்து நாலு."

அவன் வயிற்றையும் அது இடிக்கிற ஸ்டியரிங்கையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். யாராவது மரியாதைக்காக, "அப்பல்லாம் யார்கிட்டயும் தோத்திருக்க மாட்டீங்க" என்று சொன்னால் மட்டும், "ஒருத்தன்கிட்டத் தோத்தேன். பதினோரு வருஷம், வாரத்துக்கு அஞ்சு நாள்" என்பான். அதற்குமேல் அந்தப் பேச்சு ஓடாது. இறங்க வேண்டிய பாபோல் நகரம் வந்துவிடும், அல்லது அவன் ரேடியோவைத் திருகிவிடுவான்.

அந்த ஒருத்தன் பெஹ்ரங்.

இருவருக்கும் ஒரே ஊர், ரூத்கொலா. ஒன்பது வயதில் ஒரே நாளில் குஸ்திக்கூடத்துக்குப் போனார்கள். கூடம் என்றால் பழைய நெல் கிடங்கு. தகரக்கூரை, நடுவில் வெளுத்துப்போன மேட், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. கோச் மொராத் இரண்டு பேரையும் மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினார். இருவரும் இருபத்தேழு கிலோ. "சரி, இவன் உன் ஜோடி" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். அன்றைக்கு அவர் சொன்னதை அதற்கப்புறம் யாரும் மாற்றவில்லை. யாசர் ஐம்பது கிலோ ஆனபோது பெஹ்ரங்கும் ஐம்பது. அறுபத்தாறு ஆனபோது அவனும் அறுபத்தாறு. வளர்ந்ததுகூட ஜோடியாகத்தான்.

பெஹ்ரங் வாய் ஓயாத ஆள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே காதுக்குள் பேசுவான். "டேய், கோச்சோட பேன்ட்டப் பாரு, பின்னாடி கிழிஞ்சிருக்கு." யாசருக்குச் சிரிப்பு வந்து மூச்சு தளரும். அந்த நொடியில் யாசரின் முதுகு மேட்டில் இருக்கும். "இது அழுகுணி ஆட்டம்டா" என்று யாசர் கத்துவான். "வாயக் கட்டணும்னு எந்த ரூல்ல இருக்கு?" என்பான் அவன். எடை குறைக்கிற வாரங்களில் பசி தாங்காமல் இருவரும் பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் ஓடுவார்கள். அப்போது பெஹ்ரங் தன் அம்மா செய்கிற வாத்துக்கறியை ஆரம்பம் முதல் விவரிப்பான். வால்நட்டை எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும், மாதுளைச் சாற்றை எப்போது ஊற்ற வேண்டும், மேலே எண்ணெய் மிதக்கும்போது என்ன நிறம். யாசர் அவனை அடிக்கத் துரத்துவான். அந்தத் துரத்தலிலேயே இருநூறு கிராம் இறங்கிவிடும்.

அவனிடம் இன்னொரு அதிசயமும் உண்டு. எங்கே வேண்டுமானாலும் தூங்கிவிடுவான். மாகாண ஜூனியர் ஃபைனலுக்கு அரை மணி நேரம் முன்னால் எல்லோரும் அவனைத் தேடினார்கள். நாற்காலிகளுக்குப் பின்னால், பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து மேட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு வந்து, "இதுக்கா எழுப்புனீங்க?" என்றான்.

அவன் ஜெயித்தது பெரும்பாலும் ஒரே பிடியால்தான். இடது கையை எதிராளியின் பிடரியில் போடுவான். நெற்றியோடு நெற்றி முட்டும். அப்படியே ஒரு மூச்சு நேரம் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பான். பிடரியில் அந்தக் கை மெல்ல மெல்லக் கனக்கும். கனம் தாங்காமல் எதிராளி தலையை நிமிர்த்துவான் இல்லையா, அதே நொடியில் பெஹ்ரங் அவன் அக்குளுக்கடியில் புகுந்து முதுகுக்குப் பின்னால் நிற்பான். எப்படிப் போனான் என்று யாருக்கும் தெரியாது. யாசருக்கு மட்டும் தெரியும். அந்தக் கை கனக்கத் தொடங்கும்போதே இனி என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். தலையை நிமிர்த்தக் கூடாது என்பதும் தெரியும். ஆனாலும் நிமிர்த்திவிடுவான். பதினோரு வருஷமும் நிமிர்த்தினான்.

இருபதாவது வயதில், அறுவடைக்குப் பிந்திய ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அது மாறியது. பெஹ்ரங் வழக்கம்போல அக்குளுக்கடியில் புகுந்தான். பாதியில் அவன் இடது கால் மடங்கியது. யாசர் யோசிக்கவே இல்லை. திரும்பி அவன்மேல் விழுந்து இரண்டு தோள்களையும் மேட்டில் அழுத்தினான். கோச் மொராத் தரையைத் தட்டினார்.

யாசர் சட்டைகூடப் போடாமல் கூடத்தைச் சுற்றி மூன்று தடவை ஓடினான். "ஜெயிச்சிட்டேன்! ஊருக்கெல்லாம் சொல்லுங்கடா, ஜெயிச்சிட்டேன்!" என்று கத்தினான். எதிரே இருந்த கடையிலிருந்து ஒரு பெட்டி இனிப்பு வாங்கிவந்து எல்லோருக்கும் நீட்டினான். பெஹ்ரங் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு எடுத்துக்கொண்டான். "தின்னுட்டுப் போறேன். அடுத்த இனிப்புக்கு இன்னும் பதினோரு வருஷம் ஆகுமே" என்றான். எழுந்திருக்கும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அதை யாசர் பார்த்தான். சவ்வு பிசகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். மூன்று வாரம் தைலம் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வீக்கம் வடியவில்லை. பாபோலில் படம் எடுத்த டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல பெரியவங்க யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். பெஹ்ரங்கின் அப்பா உயிரோடு இல்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வந்திருந்தது அம்மா ஸுலைகா. வயலிலிருந்து நேராக வந்தவர், பாவாடை ஓரத்தில் சேறு காயாமல் நின்றார். எலும்பில் கேன்சர் என்றார் டாக்டர். டெஹ்ரானுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

யாசர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் பிடித்து டெஹ்ரான் போய்வந்தான். முதல் தடவை வார்டுக்குள் நுழைந்ததும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் முடி இல்லை, புருவம்கூட இல்லை. படுக்கையிலிருந்து குரல்தான் வந்தது.

"அம்பத்தேழுக்கு எறங்கிட்டேன் பாரு. தண்ணியக் கொறைக்கல, ஓடல, ஒண்ணும் பண்ணல. மொராத்கிட்டச் சொல்லு, இதுதான் புது முறைன்னு."

"வாய மூடுறா."

"உனக்கு இனி வேற ஜோடி தேடணும். எழுபத்து நாலுல என்னை விட்டா உருப்படியா எவன் இருக்கான்?"

யாசர் கொண்டுபோன ஆரஞ்சுகளை உரித்துக்கொண்டே இருந்தான். நாலு உரித்தாகிவிட்டது. பெஹ்ரங்கால் ஒரு சுளைகூடத் தின்ன முடியவில்லை. வாயெல்லாம் புண். "நீ தின்னு, நான் பாக்குறேன்" என்றான். யாசர் நாலையும் தின்றான். ஒவ்வொன்றுக்கும் பெஹ்ரங், "புளிப்பா, இனிப்பா? தோலு தடிமனா?" என்று கேட்டுக்கொண்டான்.

கீமோ போதவில்லை. காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா ஒரு நாள் முழுவதும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் பெஹ்ரங்தான் ஆளனுப்பி அவரை உள்ளே கூப்பிட்டான். "போடும்மா. வெயிட் எடுக்கும்போது அந்தக் காலைக் கழிச்சுக்குவாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றான். அவர் அவன் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டு, அவன் மேலேயே விழுந்து அழுதார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

ஒற்றைக் காலோடு வீடு திரும்பியவன் ஒரு மாதம் நன்றாகத் தேறினான். வாத்துக்கறி தின்றான். மீசைகூட முளைக்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, யாசரைப் பார்த்து, "வா, ஒரு பிடி போடலாம்" என்றான்.

"பைத்தியமா?"

"நிக்கச் சொல்லல. மண்டி போடு. நான் உக்காந்தே பிடிக்கிறேன்."

அம்மா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். யாசர் கம்பளத்தில் மண்டியிட்டான். பெஹ்ரங் தரையில் நகர்ந்து வந்து பிடரியில் கையைப் போட்டான். அந்தக் கை எலும்பாக இருந்தது. ஆனால் அதே இடத்தில்தான் வந்து உட்கார்ந்தது, ஒரு விரல்கூடத் தவறவில்லை. நெற்றியை முட்டினான். யாசர் கொஞ்சம் பொறுத்து, வேண்டுமென்றே தலையை நிமிர்த்தி, தானாகச் சரிந்து விழுந்தான்.

பெஹ்ரங்கின் முகம் கறுத்துவிட்டது. "எனக்குக் கேன்சர்தான்டா வந்திருக்கு, கண்ணு அவிஞ்சு போகல. விட்டுக் குடுக்குறியா? வெளிய போ."

"டேய்..."

"ஒழுங்காப் பிடி, இல்ல வெளிய போ."

யாசர் ஒழுங்காகப் பிடித்தான். மூன்று மூச்சுக்குள் பெஹ்ரங்கின் முதுகு கம்பளத்தில் இருந்தது. இருவருக்கும் மூச்சு வாங்கியது. எழுந்திருக்காமலே, கூரையைப் பார்த்தபடி பெஹ்ரங் கேட்டான்: "கூடத்துல அன்னிக்கு ஜெயிச்சியே, இனிப்பு குடுத்தியே, அத நீ கணக்குல வச்சிருக்கியா?"

"இல்ல. அது கால்ல கட்டி இருந்ததால. அது ஜெயிப்பா?"

"வச்சுக்க. காலு என்னோடதுதானே? பக்கத்து வீட்டுக்காரனோடதா? என் காலு மடங்குச்சு, நீ ஜெயிச்சே. அத எடுத்துக்கிட்டுப் போ. எனக்காக யாரும் எதையும் அழிக்க வேணாம்."

யாசர் சரி என்றான். ஆனால் வைத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை அவனால் அது முடியவில்லை.

நோய் நுரையீரலுக்கு ஏறியது. ஆரஞ்சு மரங்கள் பூத்து, ஊர் முழுக்க அந்த வாசனை நிறைந்திருந்த நாட்களில் பெஹ்ரங் போனான். இருபத்தோரு வயது. குஸ்திக்காரர்கள் பாடையைத் தோள்மாற்றித் தோள்மாற்றித் தூக்கினார்கள். யாசர் யாருக்கும் மாற்றிக்கொடுக்காமல் கல்லறைவரை சுமந்தான். தோளில் கனமே தெரியவில்லை. அதுதான் அவனை உடைத்தது.

அந்தக் கோடையில் எழுபத்து நாலு கிலோவில் மாகாணச் சாம்பியன் ஆனவன் யாசர். கைகுலுக்க வந்தவர்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், "பாவம் அவன். இருந்தாலும் இப்ப உனக்கு வழி கெடச்சிருச்சு" என்றார். யாசர் பதக்கத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டான். தேசிய முகாமுக்கு இரண்டு மாதம் டெஹ்ரான் அழைத்தார்கள். அங்கே நல்ல நல்ல ஆட்கள், பலசாலிகள். அவர்கள் கை பிடரியில் விழும்போதெல்லாம் யாசரின் உடம்பு வேறொரு கனத்துக்காகக் காத்திருந்தது. இரண்டு விரல்கடை தள்ளி விழும், அல்லது சீக்கிரம் அழுத்தும். யாரும் காதுக்குள் பேசவில்லை. பேச்சில்லாமல் ஆறு நிமிடம் பிடிப்பது எவ்வளவு நீளமானது என்று அங்கேதான் அவனுக்குத் தெரிந்தது. தேர்வுப் போட்டியின் மூன்றாவது சுற்றில் தோற்றான். இன்னும் இரண்டு வருஷம் இழுத்தான், விட்டுவிட்டான். டாக்ஸி வாங்கினான். மெஹ்ரியைக் கட்டிக்கொண்டான். இரண்டு பெண் குழந்தைகள்.

சில சமயம் சிக்னலில் நிற்கும்போது அவன் கை தானாகப் பிடரிக்குப் போகும். மெஹ்ரி பார்த்துவிட்டு, "கழுத்து வலிக்குதா?" என்பாள். "இல்ல" என்பான். வலித்தால் தேவலை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை மாலைகளில் அவன் ஸுலைகா பெரியம்மாவைக் கல்லறைக்குக் கூட்டிப்போவான். கல்லைக் கழுவுவார்கள். வருகிறவர்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். திரும்பி வந்து அவர் வீட்டில் டீ குடிப்பார்கள். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "ஒரு குஸ்தி சொல்லு."

ஏனென்றால் அவர் மகன் குஸ்தி போட்டு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கூடத்துக்குள் பெண்களை விடுவதில்லை. ஜெயித்தால் வீட்டுக்கு வந்து சொல்வான், தோற்றால் சாப்பிடாமல் படுப்பான். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். யாரோ போனில் எடுத்த நாற்பது நொடி வீடியோ ஒன்று இருந்தது. அதில் முக்கால்வாசி நேரம் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவனின் தலை மறைக்கும். அவர் அதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாரோ, "இந்தத் தலைக்காரன் யாருடா? உச்சியில ரெண்டு சுழி இருக்கு. எங்கயாவது கண்டா சொல்லு, நாலு கேள்வி கேக்கணும்" என்பார்.

யாசர் ஒவ்வொரு வாரமும் ஒரு குஸ்தி சொன்னான். ஒன்பது வயதில் போட்டது, பதினான்கில் போட்டது, தூங்கி எழுந்து போட்டது. பத்து வருஷம் சொல்லியும் தீரவில்லை. ஒரு வியாழன், அவர் டீயை ஆறவிட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தப் பிடி, பிடியின்னு சொல்றியே. காதாலயே எவ்வளவு நாள் கேக்குறது? எனக்குக் காட்டு."

"எப்படிக் காட்டுறது பெரியம்மா? தலகாணிய வச்சா?"

"தலகாணி தலைய நிமிர்த்துமா? மனுசன வச்சுக் காட்டு. நெல் அறுத்தா வயல்ல லோச்சு நடக்குமில்ல?"

லோச்சு என்பது அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலோடு போடுகிற குஸ்தி. கை, முழங்கால், எது தரையில் பட்டாலும் தோல்வி. ஜெயிக்கிறவனுக்கு ஒரு கிடா. வயலோரமாக நிற்கிற வண்டிகளில் உட்கார்ந்து பெண்கள் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. ஆனால் காலை உடைத்துக்கொள்வான் என்று பெஹ்ரங்கை மொராத் ஒருமுறையும் அங்கே இறங்கவிட்டதில்லை.

"எனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. தொண்ணூத்தி நாலு கிலோ இருக்கேன்."

"நான் உன்னையப் பாக்கவா வரேன்?" என்றார் ஸுலைகா.

சிக்கல் வேறு. அந்தப் பிடியை யாசர் யாருக்கும் போட்டதே இல்லை. வாங்கத்தான் தெரியும். இரண்டு மாதம் காலையில் பழைய கூடத்துக்குப் போனான். மொராத் இப்போது ஊரில் இல்லை. அங்கே பழகுகிற வாலிபர்கள், "அண்ணே, டாக்ஸியக் கூடத்துக்குள்ளயே ஓட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கிண்டல் செய்தார்கள். முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் அவன் கண்ணை மூடிக்கொண்டு, தன் பிடரியில் எது எப்போது நடக்கும் என்று நினைத்துப் பார்த்தான். கை எங்கே விழும். எவ்வளவு காத்திருக்கும். மூச்சு எப்போது நிற்கும். நிமிர்வதற்கு முன் தன் தோளில் ஒரு துடிப்பு ஓடுமே, அதை பெஹ்ரங் நெற்றி வழியாகத்தான் உணர்ந்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் தோற்றதில் எல்லாமே யாசரின் உடம்பில் எழுதியிருந்தது, மறுபக்கத்திலிருந்து. திருப்பிப் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

லோச்சு அன்றைக்கு மேளமும் நாயனமும் காலையிலேயே தொடங்கிவிட்டன. டாக்ஸியை வயல் ஓரத்தில், எதுவும் மறைக்காத இடமாகப் பார்த்து நிறுத்தினான். ஸுலைகா முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்தார், பக்கத்தில் மெஹ்ரி. யாசர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கியதும் கூட்டத்தில் ஒருவன் டாக்ஸி ஸ்டாண்ட் குரலில் கத்தினான்: "பாபோல்! பாபோல்! ஒரு ஆள் கொறையுது, ஒரே ஒரு ஆள்!" வயலே சிரித்தது.

எதிரே வந்தவனுக்கு இருபது வயது இருக்கும், முறுக்கேறிய உடம்பு. யாசர் இடது கையை அவன் பிடரியில் போட்டான். நெற்றியை முட்டினான். காத்திருந்தான். வெயில், வைக்கோல் வாசனை, எதிராளியின் மூச்சு. சும்மா நிற்க முடியாமல், தன்னையறியாமல், அவன் காதில், "தம்பி, உன் சட்டை பின்னாடி கிழிஞ்சிருக்கு" என்றான் யாசர். பையனின் தோளில் அந்தத் துடிப்பு ஓடியது. தலை நிமிர்ந்தது. அடுத்த நொடி யாசர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான். எப்படி வந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி இறக்கினான். பையனின் முழங்கால் மண்ணில் பட்டது.

மேளம் கொட்டியது. யாசர் கிடாவைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராக டாக்ஸியிடம் வந்தான். ஸுலைகா கண்ணாடி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இதுவா?"

"இதுதான் பெரியம்மா."

"இப்படியேவா?"

"அவன் செஞ்சா இன்னும் வேகமா இருக்கும். எனக்கு மூணு மூச்சு ஆச்சு. அவனுக்கு ஒண்ணு போதும். அப்புறம் அவன் இவ்வளவு குண்டு இல்ல."

அவர் அழுவார் என்று மெஹ்ரி துண்டை எடுத்து வைத்திருந்தாள். அவர் அழவில்லை. வயலின் நடுவில், அந்தப் பையன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துபோன இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்குளுக்குள்ள பூந்து போறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சின்னப்பிள்ளையில என் முந்தானைக்குள்ள இப்படித்தான் பூந்து அந்தப் பக்கம் வருவான்."

இரண்டாவது சுற்றில் யாசர் அரை நிமிடத்தில் குப்புற விழுந்தான். மூக்கில் மண்ணோடு திரும்பி வந்தபோது ஸுலைகா சிரித்தார், வாய்விட்டே சிரித்தார். "என் பையன் ஒன்னயப் பதினோரு வருஷம் எப்படித்தான் தாங்குனானோ!"

மறுநாள் யாசரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. தோள், விலா, பிடரி, எல்லாம் பழைய இடங்களில் வலித்தது. மெஹ்ரி தைலம் எடுத்துவந்தாள். வேண்டாம் என்றுவிட்டான். ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பையே முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. பயணிகள் இறங்கும்போது சிரித்தார்கள். சனி, ஞாயிறு, திங்கள் அந்த வலியோடு பாபோலுக்கும் ரூத்கொலாவுக்கும் ஓட்டினான், ஒரு கை பிடரியில் கிடப்பதுபோல. செவ்வாய்க்கிழமை காலை விழித்து, படுத்தபடியே கழுத்தை மெல்ல இடம் வலம் திருப்பிப் பார்த்தான். நன்றாகத் திரும்பியது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருப்பினான். ஒன்றுமில்லை. எழுந்துபோய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான்.